மூன்று கொம்பன் குழந்தைகளிடம் வந்து சேர்ந்த கதை



போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பின்னால் போகலாம் என்று ஆசை. அதிகமில்லை, ஒரு 6 கோடியே 60 லட்சம் வருடம்தான் :-)

"பி.காம். படிக்கிறவனுக்கு டைனோசர் எதுக்குடா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு பணக்கார மாமா வருகிறார், ஒரு பெட்ரோல் கம்பெனி வருகிறது, பாரிஸ் நகரத்து ஏலம் வருகிறது, சம்பளத்துக்கு உழைத்துப் பேர் இல்லாமல் போன ஒரு மனிதரும் வருகிறார். கணக்குப் பதிவியல் படிப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விஷயத்துக்கு வருவோம். சின்னக் குழந்தைகளிடம் டைனோசர் என்றால் முதலில் ஞாபகம் வருவது டி-ரெக்ஸ். பல், உறுமல், துரத்தல். அதற்கு அடுத்த இடம் அநேகமாக மூன்று கொம்பும் கழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறியும் உள்ள ட்ரைசெராடாப்ஸுக்கு. பெயர் சொல்ல வராத குழந்தைகூட பொம்மைக் கூடையில் அதைச் சரியாக எடுத்துக் கொடுத்துவிடும். இந்த விலங்கு பாறைக்குள்ளிருந்து வெளிவந்து குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் இன்றைய கட்டுரை.

யார் இந்த மூன்று கொம்பன்?

ட்ரைசெராடாப்ஸ் என்பது கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். 'மூன்று கொம்பு முகம்' என்று பொருள். நம் வசதிக்கு 'மூன்று கொம்பன்' என்றே வைத்துக் கொள்வோம். "இவர் என்ன பெரிய கொம்பனா?" என்று யாரையாவது கேட்டால் கோபம் வரும். இவரிடம் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்!

நீளம் சுமார் 8 முதல் 9 மீட்டர். தலை மட்டுமே 2 மீட்டருக்கு மேல். கண்ணுக்கு மேலே இருக்கும் இரண்டு கொம்புகளும் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவு. மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு. வாய் கிளியின் அலகு போல வளைந்திருக்கும். உள்ளே ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய நூற்றுக்கணக்கான பற்கள். மேல் பல் தேய்ந்து விழுந்தால் கீழே இருப்பது அந்த இடத்துக்கு வந்துவிடும். இத்தனையும் இலை தழையை நறுக்கித் தின்பதற்காக.

இவர் வாழ்ந்தது இன்றைய வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சுமார் 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை. டைனோசர்களின் கடைசிக் காலம் அது. டி-ரெக்ஸும் அதே காலம், அதே ஊர்.

இங்கே ஒரு சின்ன விஷயம். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் மூன்று கொம்பனுக்குப் பக்கத்திலேயே முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசாரஸும் இருக்கும். அது வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது ஸ்டெகோசாரஸுக்கும் மூன்று கொம்பனுக்கும் உள்ள இடைவெளி, மூன்று கொம்பனுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகம். பாக்கெட் செய்தவருக்கு அதெல்லாம் கவலையில்லை, ஒரே விலை!

முதல் கொம்பே தப்பான கொம்பு

குழந்தைகளுக்கு டைனோசரைக் காட்டும் வேலை மூன்று கொம்பனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இடம் லண்டனின் தெற்கே சிடன்ஹாம், கிரிஸ்டல் பேலஸ் பூங்கா. வருடம் 1854. பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி, ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூறு அறிஞரின் ஆலோசனையோடு, அழிந்துபோன விலங்குகளை முழு அளவில் செய்து வைத்தார். டைனோசர் என்ற சொல்லை 1842-ல் உருவாக்கியவரே இந்த ஓவன்தான்.

அந்தச் சிலைகளில் புகழ்பெற்றது இக்வானோடான். அதுவும் தாவரம் தின்னும் டைனோசர். அதன் மூக்கின் மேல் காண்டாமிருகம் போல ஒரு கொம்பு! 1853 டிசம்பர் 31 இரவு அந்தச் சிலை அச்சின் உள்ளே மேஜை போட்டு அறிஞர்களுக்கு விருந்தே வைத்தார் ஹாக்கின்ஸ். விளம்பரம் என்றால் அதுவல்லவா விளம்பரம்! பிறகு இந்த உருவங்களின் சின்ன மாதிரிகளும் விற்பனைக்கு வந்தன. டைனோசர் பொம்மை வியாபாரத்தின் பிள்ளையார் சுழி என்று அதைச் சொல்லலாம்.

1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் முழு முழு இக்வானோடான் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தன. லூயி டோலோ என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து, அந்தக் கொம்பு கொம்பே இல்லை, கட்டை விரலின் கூர்முனை என்று நிறுவினார். மூக்கில் இருந்தது கைக்கு இறங்கியது.

ஆக, குழந்தைகளுக்கு முதன்முதலில் காட்டப்பட்ட 'கொம்பு வைத்த தாவர உண்ணி டைனோசர்' கொம்பே இல்லாத விலங்கு. அந்தச் சிலை இன்றும் அதே பூங்காவில் மூக்குக் கொம்போடுதான் நிற்கிறது. அதை யாரும் உடைக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு 1854-ல் மனிதர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

எருமைக் கொம்பு என்று நினைத்தார்கள்

இப்போது அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே 'எலும்புப் போர்' நடந்து கொண்டிருந்தது. ஒரு பக்கம் யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் சார்லஸ் மார்ஷ். இன்னொரு பக்கம் பிலடெல்பியாவின் எட்வர்ட் டிரிங்கர் கோப். யார் அதிக விலங்குகளுக்குப் பெயர் வைப்பது என்று இருவருக்கும் தீராத சண்டை.

பணம் எங்கிருந்து வந்தது? மார்ஷின் தாய்மாமா ஜார்ஜ் பீபாடி பெரிய நிதித் தொழிலதிபர். யேலில் ஒரு அருங்காட்சியகம் கட்ட 1866-ல் 1,50,000 டாலர் கொடுத்தார். கோப்புக்கு அப்பா விட்டுச் சென்ற சொத்து. அதில் பெரும்பகுதியை வெள்ளிச் சுரங்கங்களில் போட்டு இழந்தார். (முதலீட்டைப் பரவலாக்க வேண்டும் என்று நமக்குப் பாடத்தில் சொல்வது சும்மா இல்லை!)

1872-லேயே கோப்புக்கு வயோமிங்கில் ஒரு பெரிய விலங்கின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கிடைத்திருந்தன. அகதவ்மாஸ் என்று பெயரும் வைத்தார். ஆனால் தலை கிடைக்கவில்லை. அதனால் அதற்குக் கொம்பு உண்டு என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

1887-ல் கொலராடோ மாநிலம் டென்வர் அருகே இரண்டு பெரிய கொம்புகள் மண்டையோட்டின் மேல்பகுதியோடு கிடைத்தன. அவை மார்ஷிடம் போயின. அவர் பார்த்தார். கொம்பு, நெற்றி, பெரிய உடம்பு இருந்திருக்க வேண்டும்... அழிந்துபோன ஒரு ராட்சதக் காட்டெருமை என்று முடிவு செய்து 'பைசன் ஆல்டிகார்னிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்! அந்தக் காலத்தில் கொம்புள்ள டைனோசர் என்று ஒன்றை யாருமே முழுதாகப் பார்த்ததில்லை. கொம்பு என்றால் மாடு, எருமை, மான், காண்டாமிருகம். நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

இங்கே குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு இருக்கும். மேலே நகம் போன்ற பொருளால் ஆன உறை இருக்கும். மாட்டுப் பொங்கலுக்கு நாம் வர்ணம் அடிப்பது அந்த உறையின் மேல்தான். மூன்று கொம்பனுக்கும் அப்படித்தான். பாறையில் தங்கியது உள் எலும்பு மட்டும். அதனால் உயிரோடு இருந்தபோது கொம்புகள் நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பதைவிட நீளமாகவே இருந்திருக்கும்.

கயிறு போட்டு இழுத்த ஆள்

மார்ஷிடம் சம்பளத்துக்கு எலும்பு தோண்டியவர்களில் ஒருவர் ஜான் பெல் ஹாட்சர். 1861-ல் இல்லினாய்ஸில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக் கல்லூரிக்குப் பணம் சேர்த்தவர். அந்தச் சுரங்கத்தில் பார்த்த புதைபடிவங்கள்தான் அவரை இந்தத் துறைக்கு இழுத்தன. 1884-ல் யேலில் பட்டம் வாங்கி, மார்ஷிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

1888-ல் வயோமிங்கில் சார்லஸ் கெர்ன்சி என்ற கால்நடைப் பண்ணைக்காரரிடம் ஒரு வினோதமான கொம்புத் துண்டு இருப்பது ஹாட்சருக்குத் தெரிய வந்தது. அது வந்த கதை இன்னும் வினோதம். எட்மண்ட் வில்சன் என்ற பண்ணை ஆள் மாடு ஓட்டிக் கொண்டு போகும்போது, ஒரு ஓடைக் கரையின் சரிவில் பெரிய மண்டையோடு ஒன்று துருத்திக் கொண்டிருப்பதைப் பார்த்தார். மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றைக் கொம்பில் மாட்டி இழுத்தார். கொம்பு உடைந்து கையோடு வந்தது. மண்டையோடு உருண்டு ஓடைக்குள் விழுந்தது!

ஹாட்சர் கொம்பை மார்ஷுக்கு அனுப்பினார். மார்ஷ் உடனே போய் மீதியை எடு என்றார். 1889-ல் ஹாட்சர் அந்த ஓடைக்குப் போய் மண்டையோட்டைத் தோண்டி எடுத்து அனுப்பினார். பாறையை மெல்ல மெல்லச் சுரண்டியபோது மூக்கின் மேல் மூன்றாவது கொம்பு வெளிவந்தது. அந்த ஆண்டுதான் மார்ஷ் 'ட்ரைசெராடாப்ஸ்' என்ற பெயரை வெளியிட்டார். 1887-ன் 'காட்டெருமை' உண்மையில் என்ன என்பதும் அவருக்குப் புரிந்தது. இரண்டே வருடத்தில் எருமை டைனோசர் ஆகிவிட்டது.

1889 முதல் 1892 வரை ஹாட்சர் அந்த வட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்ட கொம்பு டைனோசர் மண்டையோடுகளை எடுத்தார். ஒவ்வொன்றும் பாறையோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்தால் டன் கணக்கில் எடை. சாலை கிடையாது, கிரேன் கிடையாது. குதிரை வண்டிதான். அதுவும் மூட்டுவலியால் அவதிப்பட்ட உடம்போடு.

அவர் செய்த இன்னொரு வேலையைக் கேட்டால் குழந்தைகள் கைதட்டும். அதே பாறைகளில் எலி அளவு பாலூட்டிகளின் பற்களும் கிடக்கும். கடுகு மாதிரி சின்னப் பற்கள், கண்ணுக்கே தெரியாது. ஹாட்சர் கவனித்தார்: எறும்புகள் தங்கள் புற்றின் மேல் சின்னச் சின்னக் கற்களைக் கொண்டுவந்து அடுக்குகின்றன. அந்தக் கற்களோடு பற்களும் வருகின்றன! உடனே புற்று மண்ணைச் சலித்துப் பற்களைப் பொறுக்க ஆரம்பித்தார். எறும்பு இல்லாத இடங்களுக்கு எறும்புகளைக் கொண்டுபோய் விடவும் செய்தார். சம்பளம் கேட்காத தொழிலாளர்கள்!

ஆனால் சம்பளம் வாங்கிய தொழிலாளரின் கதை அவ்வளவு சந்தோஷமாக இல்லை. மார்ஷிடம் வேலை பார்த்தவர்கள் தோண்டலாம், வரையலாம், சுத்தம் செய்யலாம். தாங்கள் கண்டுபிடித்ததைப் பற்றித் தாங்களே எழுதி வெளியிட அவர் விடுவதில்லை. மார்ஷ் 1899-ல் இறந்த பிறகு, கொம்பு டைனோசர்கள் பற்றிய பெரிய நூலை எழுதும் பொறுப்பு கடைசியில் ஹாட்சரிடம் வந்தது. அதை முடிப்பதற்குள் 1904-ல் டைபாய்டு காய்ச்சலில் பிட்ஸ்பர்க் நகரில் இறந்துவிட்டார். வயது 42. ரிச்சர்ட் ஸ்வான் லல் என்பவர் முடித்து, 1907-ல் நூல் வெளிவந்தது.

ஹாட்சரின் கல்லறையில் 1995 வரை பெயர்ப்பலகைகூட இல்லை. 91 வருடம். உலகத்தில் இத்தனை பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு விலங்கை வெளியே கொண்டுவந்த மனிதரின் பெயர், அவர் கிடந்த இடத்திலேயே எழுதப்படவில்லை.

வேறு விலங்கின் கால்

மார்ஷ் அரசாங்கப் பணத்தில் சேகரித்த எலும்புகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போயின. 1905-ல் அங்கே சார்லஸ் கில்மோர் தலைமையில் முதன்முதலாக ஒரு முழு ட்ரைசெராடாப்ஸ் எலும்புக்கூட்டை நிறுத்தினார்கள்.  

ஆனால் முழு விலங்கு ஒன்று அன்று கைவசம் இல்லை. பல விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துத்தான் ஒன்றைக் கட்டினார்கள். பின்பாதம் கிடைக்காததால் வாத்து அலகு டைனோசர் ஒன்றின் பாதத்தைப் பொருத்தினார்கள். தலையும் உடம்புக்குக் கொஞ்சம் சின்னது. ஏறக்குறைய 90 வருடம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வேறு விலங்கின் பாதத்தில் நின்ற மூன்று கொம்பனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு எலும்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, அளவுகளைச் சரிசெய்து, 2001-ல் புதிய வார்ப்பு எலும்புக்கூட்டை நிறுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஹாட்சர்'! மனசுக்கு நிறைவாக இருக்கிறதல்லவா? 2019-ல் அந்தக் கூடம் புதுப்பிக்கப்பட்டபோது காட்சி மாறியது. இப்போது டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் காலடியில் அதன் வாய்க்கு இரையாகக் கிடக்கிறார் நம் ஹாட்சர். வேலை செய்த இடத்தில் மட்டுமல்ல, பெயர் வைத்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை போலிருக்கிறது.

பீஸ்லி மாமா

இதுவரை அருங்காட்சியகம். குழந்தை நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. தொடும் தூரத்துக்கு மூன்று கொம்பனைக் கொண்டுவந்தது ஒரு பெட்ரோல் கம்பெனி.

சின்க்ளேர் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் 1930-களிலிருந்தே டைனோசரைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. எண்ணெய் பழமையானது, டைனோசரும் பழமையானது, அவ்வளவுதான் சம்பந்தம். (பெட்ரோல் டைனோசரின் உடம்பிலிருந்து வருகிறது என்று பலர் நினைப்பதற்கு இந்த மாதிரி விளம்பரங்களும் ஒரு காரணம். உண்மையில் பெரும்பாலும் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களும் பாசிகளும்தான் எண்ணெயாக மாறின.) 1935-ல் டைனோசர் ஸ்டாம்பு ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்டாம்புகள் பெட்ரோல் பங்கில் மட்டும்தான் கிடைக்கும். பிள்ளை அடம்பிடித்தால் அப்பா எந்த பங்குக்கு வண்டியைத் திருப்புவார்? மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக லூயி பால் ஜோனாஸ் என்ற சிற்பியின் பட்டறையில் 9 முழு அளவு டைனோசர்களைச் செய்தார்கள். அவற்றைப் படகில் ஏற்றி ஹட்சன் ஆற்றின் வழியாகக் கொண்டு வந்ததே பெரிய வேடிக்கை. அதில் மூன்று கொம்பனும் உண்டு.

1956-ல் ஆலிவர் பட்டர்வொர்த் எழுதிய 'தி எனார்மஸ் எக்' என்ற சிறுவர் நாவல் வந்திருந்தது. ஒரு கிராமத்துப் பையனின் வீட்டுக் கோழி ராட்சத முட்டை இடுகிறது. அதிலிருந்து வெளிவருவது ட்ரைசெராடாப்ஸ் குட்டி. பெயர் 'பீஸ்லி மாமா'. வளர வளர தீனிக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறது. இந்தக் கதை 1968-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் படமாக வந்தது. அதில் நடித்தது ஜோனாஸ் செய்த ஒரு ட்ரைசெராடாப்ஸ் சிலை. 1967-ல் சின்க்ளேர் நிறுவனம் ஸ்மித்சோனியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது.

அந்த பீஸ்லி மாமா 1970-களிலிருந்து 1994 வரை வாஷிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எதிரே, புல்வெளியில் நின்றார். காவல் கிடையாது, கண்ணாடி கிடையாது, டிக்கெட் கிடையாது. குழந்தைகள் கொம்பைப் பிடித்துத் தொங்கி, முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். 1994-ல் அவரை மிருகக்காட்சி சாலைக்கு மாற்றினார்கள். கதையில் போன இடத்துக்கே சிலையும் போய்ச் சேர்ந்தது!

அதே 1994-ல் இன்னொன்றும் நடந்தது. மூன்று கொம்பன் கிடைத்த வயோமிங் மாநிலத்தில், மாநில டைனோசர் எது என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஜெயித்தது ட்ரைசெராடாப்ஸ். மாநில அரசும் அதைச் சட்டமாக்கியது. ஓட்டுரிமை வயது வராதவர்கள் போட்ட ஓட்டு செல்லுபடியான அபூர்வமான தேர்தல்!

மூன்று கொம்பனே இல்லையா?

2010-ல் ஒரு பரபரப்பு. ஜான் ஸ்கேனெல்லா, ஜாக் ஹார்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். டோரோசாரஸ் என்று வேறு பெயரில் அழைக்கப்படும் பெரிய விசிறிக்காரர் தனி விலங்கு அல்ல, வயதான ட்ரைசெராடாப்ஸ்தான் என்றார்கள். செய்திகளில் அது "ட்ரைசெராடாப்ஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை" என்று திரிந்துவிட்டது. பலர் பதறிப் போனார்கள்.

பதறத் தேவையே இல்லை. ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விலங்கியல் விதி. ட்ரைசெராடாப்ஸ் 1889. டோரோசாரஸ் 1891. போவதாக இருந்தால் டோரோசாரஸ்தான் போகும். பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் இரண்டும் தனித்தனி விலங்குகள் என்றே வாதிட்டார்கள்.

அந்த வாதத்தின் பின்னால் இருந்த விஷயம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று கொம்பன் வளர வளர முகம் மாறும். 2006-ல் வெளிவந்த ஆய்வுகள் இதை அழகாகக் காட்டின. மொன்டானாவில் 1997-ல் கிடைத்த குட்டி ஒன்றின் மண்டையோடு மொத்தமே சுமார் 30 செ.மீ. நம் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான்! கண்ணுக்கு மேலே கட்டை விரல் மாதிரி குட்டிக் கொம்பு. கொஞ்சம் வளர்ந்ததும் கொம்பு பின்பக்கமாக வளையும். பெரியவன் ஆனதும் முன்பக்கமாகத் திரும்பும். கொம்பைப் பார்த்தே குட்டியா, வாலிபனா, தாத்தாவா என்று சொல்லிவிடலாம்.

கொம்பு எதற்கு? 2009-ல் வந்த ஓர் ஆய்வு, பல மண்டையோடுகளில் விசிறி எலும்பின் மேல் இருந்த காயத் தழும்புகளைக் கணக்கெடுத்தது. ஒரு மூன்று கொம்பனும் இன்னொரு மூன்று கொம்பனும் கொம்பு பூட்டி முட்டிக் கொண்டால் எங்கே காயம் படுமோ, பெரும்பாலும் அங்கேதான் தழும்புகள். டி-ரெக்ஸ் கடித்துக் கொம்பு ஒடிந்து, பிறகு காயம் ஆறியிருக்கும் மண்டையோடும் கிடைத்திருக்கிறது. காயம் ஆறியிருக்கிறது என்றால் அன்றைக்குத் தப்பித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? படங்களில் எப்போதும் தோற்கும் சாதுப் பிராணிக்கு இது பெரிய கௌரவம்.

எலும்பின் விலை

இனி என் பாடத்துக்கு வருகிறேன். தேய்மானம் என்று ஒன்று படிக்கிறோம். சொத்து பழசாகப் பழசாக மதிப்பு குறையும். 6 கோடியே 60 லட்சம் வருடம் பழசான சொத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

2021 அக்டோபரில் பாரிஸில் 'பிக் ஜான்' என்ற ட்ரைசெராடாப்ஸ் எலும்புக்கூடு சுமார் 66 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது! 2014-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது அது. வாங்கியவர் ஒரு தனியார் சேகரிப்பாளர்.

இது சட்டப்படி சரிதான். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவம் நிலத்துக்காரருக்குச் சொந்தம். மத்திய அரசு நிலத்தில் கிடைத்தால் விற்கக் கூடாது. நிலத்துக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. தோண்டவும் சுத்தம் செய்யவும் ஆண்டுக்கணக்கில் செலவாகும், யாராவது முதல் போட வேண்டும். போடாவிட்டால் மழையும் வெயிலும் எலும்பைத் தூளாக்கிவிடும்.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். விலை இப்படி ஏறினால் அருங்காட்சியகங்களால் போட்டி போட முடியாது. யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குப் போன எலும்பை ஆய்வாளர் அளக்க முடியாது, குழந்தை பார்க்க முடியாது. மேலே சொன்ன குட்டிக் கொம்பு, பின் கொம்பு, முன் கொம்பு விவரமெல்லாம் எப்படிக் கிடைத்தது? பொது நிறுவனங்களில் இருந்த மண்டையோடுகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டதால் கிடைத்தது. வரிசையில் ஒன்று குறைந்தால் அறிவும் அந்த அளவு குறையும். அந்த இழப்பு எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வராது.

பிக் ஜான் விஷயத்தில் நல்ல திருப்பம் வந்தது. 2023 மே மாதம் அமெரிக்காவின் டாம்பா நகரில் உள்ள ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில், 3 ஆண்டுகளுக்கு என்ற ஏற்பாட்டில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். சந்தோஷம். ஆனாலும் அது இரவல். உரிமையாளரின் நல்ல மனதை நம்பி நிற்கும் ஏற்பாடு.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. மொன்டானாவில் தனியார் நிலத்தில் 2014-ல் கிடைத்த ஒரு ட்ரைசெராடாப்ஸைப் பொதுச் சொத்தாகவே வாங்கியது. 87 சதவீதம் முழுமையானது அது. வேறு விலங்கின் காலை ஒட்டவைக்க வேண்டிய அவசியமில்லை! 2022 மார்ச் முதல் பொதுமக்கள் பார்க்கிறார்கள். நாளைக்குப் புதிதாக ஒரு கேள்வி எழுந்தால் ஆய்வாளர் நேராகப் போய் அளந்து பார்க்கலாம். எனக்கு இதுதான் சரியான முதலீடாகப் படுகிறது.

குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

ஒரு குழந்தையிடம் மூன்று கொம்பன் படத்தைக் காட்டினால் மூன்று கேள்வி வரும். கடிக்குமா? இப்போ எங்கே இருக்கு? யார் பார்த்தாங்க?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இலை தின்னும், உன்னைத் தின்னாது. ஆனால் பக்கத்தில் போய் வம்பு செய்தால் முட்டும், நம் ஊர்க் காளை மாதிரி. இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. இப்போது இல்லை, எலும்பு கல்லாகி இருக்கிறது.

மூன்றாவது கேள்வியில்தான் பெரியவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறோம். "புத்தகத்துல போட்டிருக்கு" என்று முடித்துவிடுகிறோம். அங்கேதான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஒரு மாட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்தார். ஒரு பெரிய பேராசிரியர் அதை எருமை என்று நினைத்தார். மூட்டுவலியோடு ஒருவர் தோண்டினார். எறும்புகள் பல் பொறுக்கிக் கொடுத்தன. தப்பான காலை ஒட்டினார்கள், பிறகு கழற்றினார்கள். இதில் எந்த இடமும் ஐந்து வயதுக்குப் புரியாத இடம் இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல, யாரோ பார்த்து, யாரோ சந்தேகப்பட்டு, யாரோ திருத்தியது என்பது அந்த வயதிலேயே மனதில் பதிந்துவிட்டால் போதும். பெரியவனானதும் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாமல் "யார் பார்த்தாங்க?" என்று கேட்பான்.

அப்படிச் சொல்லும்போது ஜான் பெல் ஹாட்சர் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பேராசிரியர் பெயர் புத்தகத்தில் எப்படியும் இருக்கும். தோண்டியவர் பெயரை நாம் சொன்னால்தான் உண்டு.

உங்கள் வீட்டு வாண்டுகள் டைனோசர் பற்றிக் கேட்ட கஷ்டமான கேள்விகள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து பதில் தேடுவோம்.